லிப்ரே ஆஃபிஸில் வேண்டியதை மட்டும் நிறுவுவது எப்படி?

சேலத்தில் ஒரு ஜவ்வரிசி ஆலையின் அலுவலகத்துக்கும் ஏற்காட்டில் ஒரு மேல்நிலைப் பள்ளியின் கணினி ஆய்வகத்துக்கும் லிப்ரே ஆஃபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருள் பொருந்தும். ஆனால் அதன் ஆறு கூறுகளும் (கடிதம் எழுத ரைட்டர், கணக்குத் தாளுக்கு கால்க், படக்காட்சிக்கு இம்ப்ரஸ், வரைய டிரா, தரவுத்தளத்துக்குப் பேஸ், கணிதக் குறியீடுகளுக்கு மேத்) இரண்டு இடங்களிலும் தேவைப்படுவதில்லை. எதை வைப்பது, எதை விடுவது என்பதை அங்கே நடக்கும் வேலையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். கூறின் பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்தால் பிறகு வேலை தடைபடும்.

எவ்வளவு இடம் மிச்சமாகும் என்பதைத்தான் பலரும் முதலில் கேட்கிறார்கள். மிச்சம் அதிகமில்லை. மென்பொருளின் பெரும்பகுதி ஆறு கூறுகளுக்கும் பொதுவானது என்பதால், ஒன்றிரண்டை விடுவதால் வட்டில் பெரிய மாற்றம் தெரியாது. உண்மையான பயன், மாணவருக்கும் எழுத்தருக்கும் முன்னால் தேவையற்ற சின்னங்கள் வந்து நிற்காமல் இருப்பதும், எல்லாக் கணினிகளும் ஒரே மாதிரி அமைந்திருப்பதும்தான்.

நிறுவும் முன், அந்த இடத்தில் ஒரு வாரத்தில் திறக்கப்படும் கோப்புகளின் வகைகளை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஆலை அலுவலகத்தில் மூட்டைக் கணக்கும் கூலிப் பட்டியலும் கடிதங்களும் மட்டுமே இருந்தால், கால்க், ரைட்டர் இரண்டுமே போதும். மேல்நிலைப் பள்ளியில் அப்படி முடியாது. தமிழ்நாட்டுப் பதினோராம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடநூல் ஓப்பன் ஆஃபிஸின் ரைட்டர், கால்க், இம்ப்ரஸ் மூன்றையும் கற்பிக்கிறது. அதிலிருந்தே 2010இல் பிரிந்து வந்தது லிப்ரே ஆஃபிஸ் என்பதால், பெரும்பாலான பயிற்சிகளை இதிலேயே செய்ய முடியும். ஆகவே அந்த மூன்றும் கட்டாயம்.

மீதி மூன்றில்தான் கவனம் தேவை. பேஸ் என்பது தரவுத்தளம், நம் பள்ளியில் யாரும் அதைத் தொடுவதில்லை என்று விட்டுவிடுவது வழக்கம். ஆனால் பெற்றோர் கூட்டத்துக்கு ஒரே கடிதத்தை ஒவ்வொரு பெற்றோரின் பெயரும் வகுப்பும் மாற்றி அச்சிட உதவும் மெயில் மெர்ஜ் வசதி, கால்க் தாளிலுள்ள பெயர்ப் பட்டியலைப் பேஸின் இணைப்பு வழியாகத்தான் எடுத்துக்கொள்கிறது. உபுண்டு போன்ற லினக்ஸ் இயங்குதளம் உள்ள கணினிகளில் பேஸ் பொதி (நிறுவுவதற்கான கோப்புத் தொகுப்பு) இல்லையென்றால் அந்த வசதி வேலை செய்யாது. காரணம் புரியாமல் ஆசிரியர்கள் முந்நூறு கடிதங்களிலும் பெயரைக் கையால் தட்டச்சு செய்ய நேரிடும். விண்டோஸிலும் கடிதம் அச்சிடும் அலுவலகக் கணினியில் பேஸை வைத்திருப்பதே பாதுகாப்பு. பேஸின் உள்ளமைந்த தரவுத்தளத்துக்கு ஜாவா என்ற துணை மென்பொருள் தேவை. ரைட்டரில் தட்டச்சு செய்வதற்கும் கால்க்கில் கணக்குப் போடுவதற்கும் ஜாவா வேண்டியதில்லை. மேத்தை விட்டால், கணித ஆசிரியர் வினாத்தாளில் வர்க்கமூலமும் பின்னமும் எழுத வழியிருக்காது. டெபியன், உபுண்டு ஆகிய இரண்டு லினக்ஸ் வகைகளிலும் இம்ப்ரஸ் பொதி டிராவைத் தானே அழைத்து வந்துவிடும். அங்கே டிராவை நீக்கப் பார்ப்பது வீண் வேலை.

விண்டோஸில் நிறுவும்போது டிபிகல் என்பதை விட்டு கஸ்டம் என்பதைத் தேர்ந்தெடுங்கள். வரும் பட்டியலில் நிரல் கூறுகள், விருப்பக் கூறுகள், கூடுதல் இடைமுக மொழிகள் என்று பிரிவுகள் இருக்கும். வேண்டாத கூறின் பக்கத்திலுள்ள சின்னத்தைச் சொடுக்கி, அது கிடைக்க வேண்டாம் என்ற தெரிவை எடுத்தால் சிவப்புப் பெருக்கல் குறி விழும். மொழிகள் பிரிவில் தமிழைச் சேருங்கள். எழுத்துப்பிழை பார்க்கும் சொற்பட்டியல்களில் ஆங்கிலத்தைத் தவிரப் பிற ஐரோப்பிய மொழிகளை எடுத்துவிடலாம். கணினியில் ஏற்கெனவே மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸ் இருந்தால், வேர்டு, எக்ஸெல் கோப்புகளைத் திறக்கும் பொறுப்பை லிப்ரே ஆஃபிஸுக்கு மாற்றும் கட்டங்களில் டிக் போடாதீர்கள். உதவிக் கோப்புகள் தனித் தொகுப்பாக வருகின்றன; அது இல்லாவிட்டால் எஃப்1 விசை இணையத்தைத் தேடிப் போகும். மலை மேல் இணைப்பு அடிக்கடி அறுந்துபோகும் பள்ளிகள் அந்தத் தொகுப்பையும் பென்டிரைவில் எடுத்துச் செல்வது நல்லது. விண்டோஸ் 7 ஓடும் பழைய கணினிகளில் 25.8 பதிப்பும் அதற்குப் பிந்தியவையும் ஏறாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

உபுண்டுவிலும், டெபியனை அடிப்படையாகக் கொண்ட பாஸ் லினக்ஸிலும் ஒவ்வொரு கூறும் தனிப் பொதி. முழுத் தொகுப்பையும் போட்டுவிட்டுப் பிறகு நீக்குவதைவிட, வேண்டிய பொதிகளையும் தமிழ் இடைமுகப் பொதியையும் பெயர் சொல்லி நிறுவுவதே மேல். பின்னால் ஒன்றை நீக்க நேர்ந்தால், கூடவே எவையெல்லாம் நீங்கும் என்று திரையில் வரும் பட்டியலை முழுதும் படித்த பிறகே சம்மதம் கொடுங்கள்.

லிப்ரே ஆஃபிஸுக்குப் பதிலாக மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸை வைப்பதானால், அதன் 2019 முதலான பதிப்புகளில் நிறுவும்போது தெரிவுப் பட்டியல் வராது. அந்நிறுவனம் இலவசமாகத் தரும் ஆஃபிஸ் டிப்ளாய்மென்ட் டூலைக் கொண்டு, அக்சஸ் போன்ற வேண்டாதவற்றை ஒரு அமைவுக் கோப்பில் விலக்காக எழுதி நிறுவ வேண்டும். கோப்புகளை ஒரே ஒரு முறை பதிவிறக்கி ஆய்வகத்தின் பொதுக் கோப்புறையில் வைத்துவிட்டால், ஒவ்வொரு கணினியும் இணையத்திலிருந்து தனித்தனியாக இழுக்காது.

எந்த வழியானாலும் முதலில் ஒரே ஒரு கணினியில் நிறுவி, அங்கே வேலை செய்பவரையே உட்கார வைத்து அவருடைய பழைய கோப்புகளைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். வானவில், பாமினி எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பழைய கடிதங்கள் புரியாத குறிகளாகத் தெரிந்தால், அந்த எழுத்துருக்களைத் தனியாகத்தான் நிறுவ வேண்டும். கூறுகளைக் கூட்டியோ குறைத்தோ பயனில்லை. ஏதேனும் ஒரு கூறு விடுபட்டிருந்தால், விண்டோஸின் செயலிகள் பட்டியலில் லிப்ரே ஆஃபிஸைத் தேர்ந்து மாடிஃபை என்பதைச் சொடுக்கினால் அதே தெரிவுப் பட்டியல் மீண்டும் வரும். அங்கே சரிசெய்த பிறகு மற்றக் கணினிகளுக்குச் செல்லலாம்.