ஷிபாஷி பழக: முதல் அசைவே பாதிப் பாடம்

1979-இல் சீனாவில் லின் ஹௌஷெங் வகுத்த ஷிபாஷி கிகோங், மூச்சோடு சேர்த்து மெதுவாகச் செய்யும் உடற்பயிற்சி. அதில் 18 அசைவுகள் உண்டு. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கற்க வேண்டாம். முதல் அசைவு படியட்டும்.

கால்களைத் தோள் அகலத்துக்கு வைத்து நில்லுங்கள். மூச்சை இழுத்தபடி கைகளைத் தோள் உயரத்துக்குத் தூக்குங்கள். மணிக்கட்டு முன்னே போகட்டும், விரல்கள் தளர்ந்து தொங்கட்டும். மூச்சை விட்டபடி முழங்காலை லேசாக மடக்கி, தண்ணீரில் மிதக்கும் பந்தை அழுத்துவதுபோல் கையை இறக்குங்கள். மேலே போன கை அங்கே நிற்காமல் அப்படியே திரும்ப வேண்டும். அந்த ஓட்டம்தான் முக்கியம். தோள் காதுப்பக்கம் ஏறுகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், பலருக்கு இறுக்கம் அங்கேதான்.

மூச்சு பத்தவில்லையா? அடக்காதீர்கள், கையைக் கொஞ்சம் குறைவாகத் தூக்குங்கள். ஆறு முறை சீராக வந்ததா, சரி, அப்புறம் இரண்டாவது அசைவுக்குப் போகலாம். முழங்கால் வலி உள்ளவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தே செய்யலாம்.