நிறுவன மென்பொருள்: முதல் வாடிக்கையாளரைத் தேடுவது எப்படி?

நிறுவனங்களுக்கு மென்பொருள் செய்து விற்கப் போவதாகச் சொல்லும் இளைஞர்கள் பலர் முதலில் டெமோவைத்தான் காட்டுகிறார்கள். யார் வாங்குவார் என்று கேட்டால் "எல்லாச் சிறுதொழில்களும்" என்பார்கள். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு எந்தக் கதவைத் தட்டுவது? சரி, முதலில் ஆளைத் தேடுவோம். உதாரணத்துக்குத் திருப்பூர்.

படி 1: ஆளைச் சுருக்குங்கள்

"பனியன் கம்பெனி" என்பதே ரொம்ப அகலம். "நூல் வாங்கி, நிட்டிங், சாயம், பிரிண்டிங் மூன்றையும் ஜாப் ஒர்க்குக்கு (வெளியாளிடம் கூலிக்குச் செய்யும் வேலை) கொடுத்துவிட்டு, தைப்பதை மட்டும் தானே செய்யும் ஏற்றுமதியாளர்" என்று எழுதிக்கொள்ளுங்கள். இவருடைய சரக்கு பெரும்பாலும் இன்னொருவர் இடத்தில் கிடக்கும். சிக்கல் அங்கேதான் பிறக்கிறது.

படி 2: கேட்பதைவிட அதிகம் பாருங்கள்

"இப்படி ஒரு சாஃப்ட்வேர் இருந்தால் வாங்குவீர்களா?" என்று கேட்காதீர்கள். மனம் நோகக்கூடாதென்று "நல்லா இருக்குதுங்க தம்பி" என்று சொல்லி டீ கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அதற்குப் பதிலாக, "போன மாசம் சாயத்துக்குப் போன துணியில இன்னும் வராதது எத்தனை கிலோங்க?" என்று கேளுங்கள். பதில் சொல்ல அவர் மூன்று பேருக்குப் போன் போட்டால், நீங்கள் தேடிய ஆள் அவர்தான். நோட்டைப் புரட்டி உடனே சொல்லிவிட்டால், நன்றி சொல்லிவிட்டு அடுத்த கம்பெனிக்குப் போங்கள்.

முடிந்தால் மூன்று நாள் அங்கே உட்கார அனுமதி கேளுங்கள். டெலிவரி சலானை (சரக்கோடு போகும் சீட்டு) யார் எழுதுகிறார், திரும்பி வரும் எடையை யார் குறிக்கிறார் என்று பாருங்கள். சாயத்துக்குப் போன துணி அதே எடையில் திரும்பாது. இவ்வளவு குறையலாம் என்று முன்பே பேசியிருப்பார்கள். அதற்கு மேல் குறைந்தால் நஷ்டம். இதில் சட்டமும் உண்டு. ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய மூலப்பொருள் ஓராண்டுக்குள் திரும்பாவிட்டால், ஜிஎஸ்டி விதிப்படி அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கணக்காகிவிடும். ஆக, வலிக்கும் இடம் இந்தச் சலான்தான். இதற்கான தீர்வை மட்டும் முதலில் செய்யுங்கள். சம்பளக் கணக்கு, வருகைப் பதிவெல்லாம் அப்புறம்.

படி 3: மூன்று பேரையும் சந்தியுங்கள்

காசு கொடுப்பவர் முதலாளி. தினமும் பயன்படுத்தப் போவது ஸ்டோர்ஸில் இருப்பவர். வேண்டாம் என்று நிறுத்தக்கூடியவர் அக்கவுண்டண்ட். புதியவர்கள் முதலாளியோடு பேசி முடித்துவிட்டு வந்துவிடுகிறார்கள்; இரண்டாவது வாரத்தில் யாரும் மென்பொருளைத் திறப்பதே இல்லை. அக்கவுண்டண்ட் டேலி என்ற கணக்கு மென்பொருளில் பழகியவர் என்றால், டேலியை மாற்றச் சொல்லாதீர்கள்; உங்கள் தகவல் அதற்குள் போய்ச் சேர வழி செய்யுங்கள். ஸ்டோர்ஸ்காரருக்குத் தமிழில் திரை கொடுங்கள். சலானை அவர் கையால் எழுதுவதைவிடச் சீக்கிரம் அடிக்க முடியவில்லை என்றால் தொடவே மாட்டார்.

படி 4: சிறிதாவது காசு வாங்குங்கள்

முதல் மாதம் எக்செல் ஷீட்டில் நீங்களே கணக்குப் போட்டுக் கொடுத்தாலும் தவறில்லை. ஆனால் இலவசமாகச் செய்யாதீர்கள். 2,000 ரூபாய் கொடுத்தவர் குறை சொல்வார். அந்தக் குறைதான் உங்களுக்கு வேண்டும். உங்கள் பணம் இழுபடாமல் இருக்க உத்யம் பதிவு (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு) உதவும்; அது இலவசம், முதலிலேயே செய்துவிடுங்கள். 2006ஆம் ஆண்டின் சட்டப்படி, குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய பணத்துக்கு 45 நாளுக்கு மேல் தவணை பேச முடியாது.

படி 5: விலைக்கேற்ற வழி

விலை ஆண்டுக்கு லட்சக்கணக்கில் என்றால் நேரில் போய் விற்கலாம். மாதம் சில நூறு என்றால், பெட்ரோல் செலவுக்கே கட்டாது. வாங்குபவர் தானே இணையத்தில் பதிந்துகொள்ள வேண்டும். 2010இல் சென்னையில் தொடங்கிய ஃபிரெஷ்டெஸ்க் என்ற வாடிக்கையாளர் சேவை மென்பொருள் நிறுவனம் இந்த இரண்டாவது வழியில் போனது. அதன் முதல் வாடிக்கையாளர் ஆஸ்திரேலியாவில் ஒரு பள்ளி. திருப்பூர் சலான் கணக்குக்கு அந்த வழி ஒத்துவராது. இங்கே ஸ்டோர்ஸ்காரர் பக்கத்தில் உட்கார்ந்து பழக்கிவிட வேண்டும்.

படி 6: இரண்டாவது வாடிக்கையாளர்

முதலாமவர் தனக்கென்று கேட்பதையெல்லாம் சேர்த்துவிடாதீர்கள். அதே தேவையை மூன்று பேர் சொல்லும்வரை நோட்டில் மட்டும் எழுதி வையுங்கள். அவருக்குக் கணக்கு நேரானதும், "உங்களைப் போல ஜாப் ஒர்க் கொடுக்கிற ரெண்டு பேருக்கு ஒரு போன் போட்டுச் சொல்றீங்களா அண்ணா?" என்று கேளுங்கள். அவர் போன் போடும்போது பக்கத்திலேயே இருங்கள். உங்கள் மென்பொருளை அவர் எந்த வார்த்தைகளில் சொல்கிறாரோ, அதை அப்படியே குறித்துக்கொண்டு உங்கள் இணையதளத்தின் முதல் வரியாகப் போடுங்கள்.