பழைய குருமனையில் ஈரச்சுவரைச் சரிசெய்த என் அனுபவம்

இங்கிலாந்தின் சஃபோக் பகுதிக் கிராமம் ஒன்றில் நாங்கள் வாங்கிய வீடு முன்பு ஆங்கிலிகன் திருச்சபையின் குரு குடியிருந்த குருமனை. குருவின் பொறுப்பிலுள்ள திருச்சபைப் பகுதியான பங்கிலிருந்து வரும் வருமானத்தை ஈடுவைத்துக் கடன் வாங்கிக் குருமனை கட்ட 1776ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. அதற்குப் பின் எழுந்த ஜார்ஜிய பாணி (ஜார்ஜ் மன்னர்கள் காலத்து இங்கிலாந்துப் பாணி) வீடு இது. நடுவில் வாசல், இருபுறமும் சமச்சீராக, மேலும் கீழும் நகரும் சாஷ் சன்னல்கள். குருவின் படிப்பறைக்கு மட்டும் தனிக் கதவு. பங்கு மக்கள் வீட்டாரைத் தொந்தரவு செய்யாமல் வந்துபோகலாம். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு அது.

அந்தப் படிப்பறைச் சுவரில்தான் முழங்கால் உயரத்துக்கு ஈரம் ஏறி, பெயிண்ட் செதில் செதிலாக உதிர்ந்தது. சுவரில் துளையிட்டு ஈரத்தைத் தடுக்கும் ரசாயன ஊசி போடச் சொன்னார்கள், எனக்கு உடன்பாடில்லை. வெளிச்சுவரிலேயே காரணம் தெரிந்தது. மென்மையான செங்கற்களின் இடுக்குகளில் பிற்காலத்தில் சிமெண்ட் பூசியிருந்தார்கள். சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை வெளியேற விடும், சிமெண்ட் விடாது. செங்கல்லுக்குள் தங்கிய நீர் குளிர்காலத்தில் உறைந்து, அதன் முகத்தையே பெயர்த்திருந்தது. போதாக்குறைக்கு, பூச்செடிப் பாத்தியின் மண் உள்தரையைவிட உயரமாக இருந்தது.

பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்பதால் உள்ளாட்சி மன்றத்தின் அனுமதி பெற்று, முதலில் மண்ணை வெட்டித் தாழ்த்தினோம். சிமெண்டைக் கை உளியால்தான் எடுக்க வேண்டும். இயந்திரம் வைத்தால் செங்கல் விளிம்பு சிதறிவிடும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் கலந்து பூசி, நனைத்த சாக்கால் மூடினோம். சீக்கிரம் உலர்ந்தால் சாந்து பொடிந்துவிடும். உள்ளேயும் சுண்ணாம்புப் பூச்சுதான்.

இப்போது சுவர் உலர்ந்துவருகிறது. கனத்த சுவர் முழுதாகக் காய மாதக்கணக்கில் ஆகும். அதுவரை பிளாஸ்டிக் பெயிண்ட் பக்கமே போகாதீர்கள்.