பழைய ஆர்கேட் கேபினட்டை எமுலேட்டருக்கு மாற்றுவது, ஒரு வயரைக்கூட வெட்டாமல்

பழைய ஆர்கேட் கேபினட் ஒன்று கைக்கு வந்ததும் எல்லோருக்கும் வருகிற முதல் ஆசை, உள்ளே இருப்பதையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு ஒரு டிவியையும், எமுலேட்டர் (பழைய இயந்திரம் போலவே நடந்து அதன் விளையாட்டுகளை ஓட்டும் மென்பொருள்) ஏற்றிய ஒரு ராஸ்பெரி பையையும் (உள்ளங்கை அளவுக் கம்ப்யூட்டர்) திணித்துவிடலாம் என்பதுதான். கொஞ்சம் பொறுங்கள். நாளைக்குப் பழைய போர்டை (விளையாட்டு இருக்கும் சர்க்யூட் பலகையை) மறுபடி செருகினால் அது அப்படியே ஓட வேண்டும், இதை மட்டும் நிபந்தனையாக வைத்துக்கொண்டு ஆரம்பித்தால் வேலை பாதியாகக் குறைந்துவிடும், ஏனென்றால் பட்டன், ஜாய்ஸ்டிக், மானிட்டர், ஸ்பீக்கர், காசு போடும் கதவு எல்லாவற்றுக்கும் வயர் ஏற்கெனவே இழுத்து முடித்திருக்கிறது. இன்னொன்று: ஒரே விளையாட்டுக்கென்று செய்யப்பட்டு, அசல் படங்களும் ஓடுகிற போர்டும் அப்படியே இருக்கிற கேபினட் என்றால் அதில் கை வைக்காதீர்கள். ஏற்கெனவே நாலைந்து விளையாட்டு மாறி மாறி ஓடி, பக்கவாட்டில் ஸ்டிக்கர் உரிந்து நிற்கிற பெட்டிதான் இதற்குச் சரி.

முதலில் பின்கதவைத் திறந்து போர்டில் செருகியிருக்கும் கனெக்டரைப் பாருங்கள். 56 பின், மேலே 28 கீழே 28 என்று நீளமாக ஒரு கனெக்டர் இருந்தால் அது பெரும்பாலும் ஜாமா. ஜப்பானின் ஆர்கேட் தயாரிப்பாளர் சங்கம் 1985இல் கொண்டுவந்த பொது முறை இது. மின்சாரம், படம், ஒலி, காசு சுவிட்ச், இரண்டு பேருக்கான ஜாய்ஸ்டிக், ஆளுக்கு மூன்று பட்டன் எல்லாம் இந்த ஒரே கனெக்டர் வழியாகத்தான் போகும். 7ஆம் இடத்தில் பின்னுக்குப் பதில் ஒரு சிறு தடுப்பு இருக்க வேண்டும். அது உடைந்து போயிருந்தால் கனெக்டரைத் தலைகீழாகச் செருகிவிட வாய்ப்பு உண்டு, செருகினால் போர்டு அவ்வளவுதான். ஜாமாவுக்கு முந்தைய கேபினட் என்றால் அந்தந்த விளையாட்டின் வயரிங் படத்தைத் தேடிப் பிடித்து ஓர் அடாப்டர் செய்ய வேண்டிவரும். அதற்கும் வயரை வெட்டத் தேவையில்லை.

இப்போது மானிட்டர். உள்ளே இருப்பது கண்ணாடிக் குழாய் மானிட்டர் என்றால், மின்சாரத்தை நிறுத்தின பிறகும் அந்தக் குழாயில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும். ஓடும்போது 20,000 வோல்ட்டைத் தாண்டும். குழாயின் மேல் ஒட்டியிருக்கிற ரப்பர் மூடி, அதிலிருந்து வருகிற தடித்த சிவப்பு வயர், கழுத்தில் மாட்டியிருக்கும் சின்ன போர்டு, இவற்றின் பக்கமே போகாதீர்கள். நான் சொல்லப்போகும் வேலை எதற்கும் அங்கே கை போகத் தேவையில்லை. மானிட்டரைக் கழற்றியே ஆக வேண்டும் என்றால், குழாயை டிஸ்சார்ஜ் செய்து பழகிய ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், கேபினட்டின் அடியில் கனமான ஒரு டிரான்ஸ்பார்மர் இருந்தால் இது எதற்கு என்று தூக்கிவிடாதீர்கள். பல ஆர்கேட் மானிட்டர்களின் உலோகச் சட்டத்துக்கும் வீட்டு மின்சாரத்துக்கும் நடுவே பாதுகாப்பாக இருப்பது அது ஒன்றுதான்.

அடுத்த விஷயத்தில்தான் நிறையப் பேர் மானிட்டரை இழக்கிறார்கள். பழைய ஆர்கேட் மானிட்டர் கிடைமட்டமாக நொடிக்குச் சுமார் 15,700 வரிகள் வரைகிறது, அதாவது 15 கிலோஹெர்ட்ஸ் வகை. கம்ப்யூட்டரின் சாதாரண விஜிஏ வெளியீடு 31 கிலோஹெர்ட்ஸில்தான் ஆரம்பிக்கும். கம்ப்யூட்டரை நேரடியாக இணைத்தால் படம் கிழிந்து ஓடும், சில மானிட்டர்களில் சர்க்யூட்டே போய்விடும். வேகத்தைச் சரி செய்த பிறகும் படம் மங்கலாகத்தான் வரும், ஏனென்றால் விஜிஏ தருவது 0.7 வோல்ட், ஆர்கேட் மானிட்டர் எதிர்பார்ப்பது அதைவிடப் பல மடங்கு. வோல்ட்டையும் மானிட்டரின் பாதுகாப்பையும் பார்த்துக்கொள்ள ஜே-பேக் என்ற சின்ன போர்டு உண்டு; வேகத்தைக் கம்ப்யூட்டர்தான் சரியாகத் தர வேண்டும். ஜாமா கனெக்டரை விளையாட்டு போர்டில் செருகுவது போலவே இதில் செருகலாம். பட சிக்னலின் வோல்ட்டைக் கூட்டித் தரும், பட்டன் அழுத்தலை யூஎஸ்பி வழியாகக் கீபோர்டு எழுத்தாக அனுப்பும், 31 கிலோஹெர்ட்ஸ் வந்தால் மானிட்டருக்கு விடாமல் தடுக்கும். அதனால்தான் கம்ப்யூட்டர் எழும்போது சிறிது நேரம் திரை இருட்டாக இருக்கும், பயப்பட வேண்டாம்.

கம்ப்யூட்டர் பக்கம், பழைய ரேடியான் கிராபிக்ஸ் கார்டு ஒன்றைப் போட்டு, அதை 15 கிலோஹெர்ட்ஸில் படம் தர வைக்கும் சிஆர்டி எமுடிரைவரை ஏற்றி, மேலே குரூவிமேம் (மேம் என்ற ஆர்கேட் எமுலேட்டரின் ஒரு வகை) ஓட்டுவதுதான் என் தேர்வு. ஒவ்வொரு விளையாட்டும் தன் அசல் வேகத்திலேயே திரைக்கு வரும். இது ஏன் முக்கியம் என்றால், எல்லா விளையாட்டும் நொடிக்கு 60 படம் என்று ஓடுவதில்லை. பேக்-மேன் 60.6, மார்ட்டல் காம்பாட் சுமார் 54.7. 60இலேயே நிலைத்து நிற்கிற திரையில் இரண்டாவதை ஓட்டினால் பின்னணி நகரும்போது லேசாகத் துள்ளும், ஒரு தடவை கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் அது மட்டும்தான் தெரியும். இவ்வளவு மெனக்கெட முடியாது என்றால் ராஸ்பெரி பை ஒன்றும், அதை ஜாமாவில் மாட்டும் பை2ஜாமா போன்ற போர்டும் போதும். அந்த வழியில் மின்சாரமும் கேபினட்டின் பழைய பவர் சப்ளையிலிருந்தே வரும், ஆகவே மல்டிமீட்டரை ராஸ்பெரி பையின் பக்கத்தில் வைத்து 5 வோல்ட்டை அளந்து, 5.1க்கு அருகே வரும்படி சப்ளையில் உள்ள சின்னத் திருகைத் திருப்புங்கள். 4.63க்குக் கீழே இறங்கினால் பை எச்சரிக்கும், அதைக் கவனிக்காமல் விட்டால் காரணமே தெரியாமல் நடுவில் நின்றுபோகும்.

குழாய் செத்தே போய்விட்டதா? பழைய 4:3 எல்சிடி ஒன்றைத் தேடுங்கள், அகலத் திரை வேண்டாம். பேக்-மேன் மாதிரி நெட்டுக்குத்தாக நிற்கிற விளையாட்டுக்காகத் திரையைத் திருப்பி வைப்பதாக இருந்தால் ஐபிஎஸ் வகையாகப் பார்த்து எடுங்கள், மலிவான டிஎன் திரையைத் திருப்பினால் ஒரு பக்கம் நிற்பவருக்கு நிறமே மாறித் தெரியும்.

பட்டன்களுக்கு வருவோம். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு மைக்ரோசுவிட்ச், அதில் மூன்று கால்கள்: பொது, சாதாரணமாகத் திறந்தது, சாதாரணமாக மூடியது. பொதுவும் திறந்ததும்தான் நமக்கு வேண்டும். நான் முதல் தடவை அவசரத்தில் மூடிய காலில் மாட்டிவிட்டு, என் ஆள் தானாகவே குத்திக்கொண்டே இருப்பதைப் பார்த்து ஒரு மாலை முழுக்க எமுலேட்டரின் அமைப்புகளைக் குடைந்துகொண்டிருந்தேன். கிரவுண்ட் வயர் ஒரு சுவிட்சிலிருந்து அடுத்ததற்கு என்று சங்கிலியாகப் போகும். ஒரு பட்டன் வேலை செய்யவில்லை என்றால் சுவிட்சைச் சந்தேகப்படுங்கள், அதிலிருந்து தொடங்கி வரிசையாக எல்லாமே வேலை செய்யவில்லை என்றால் சங்கிலி நடுவில் அறுந்திருக்கிறது. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 மாதிரி ஆறு பட்டன் கேட்கிற விளையாட்டுக்கு ஜாமாவின் மூன்று போதாது, மீதி மூன்றுக்குத் தனி வயர் இழுத்து ஜே-பேக்கின் ஓரத்தில் உள்ள திருகு முனைகளில் மாட்ட வேண்டும். பேக்-மேன் நான்கு திசை விளையாட்டு. எட்டுத் திசை ஜாய்ஸ்டிக்கில் ஆடினால் முனை திரும்பும் இடத்தில் ஆள் மாட்டிக்கொள்வார். பல ஜாய்ஸ்டிக்குகளில் அடித்தகட்டைக் கழற்றித் திருப்பிப் போட்டால் நான்கு திசையாகிவிடும்.

ஒலிக்கு ஜே-பேக்கில் ஏற்பாடு இல்லை. சின்ன ஆம்ப்ளிஃபையர் ஒன்றைக் கம்ப்யூட்டருக்கும் பழைய ஸ்பீக்கருக்கும் நடுவே வையுங்கள், அவ்வளவுதான்.

மேம் 1997இல் முதன்முதலாக வெளிவந்ததிலிருந்து பதிப்புக்குப் பதிப்பு அதன் ரோம் கோப்புகளும் (விளையாட்டு போர்டின் சிப்பிலிருந்து எடுத்த நிரல்கள்) மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. "கோப்பு இருக்கிறது, ஆனால் ஓடமாட்டேன் என்கிறது" என்ற புலம்பலுக்குப் பாதிக் காரணம் இதுதான். ராஸ்பெரி பையில் பலர் பயன்படுத்தும் மேம் 2003க்கு 0.78 பதிப்பின் ரோம் தொகுப்பு வேண்டும், வேறு பதிப்பின் கோப்பைக் கொடுத்தால் கறுப்புத் திரைதான். ஜிப்பைப் பிரிக்காதீர்கள், பெயரை மாற்றாதீர்கள். நியோ ஜியோ என்ற ஆர்கேட் இயந்திரத்தின் விளையாட்டுகளுக்கு அதன் பயோஸ் (அடிப்படை மென்பொருள்) ஜிப்பும் கூடவே இருக்க வேண்டும். விளையாட்டுகளின் உரிமை இன்னும் அவரவரிடம்தான் இருக்கிறது. மேம் குழுவே தன் தளத்தில் கிரிட்லீ, ராபி ரோட்டோ போன்ற சிலவற்றை உரிமையாளர் அனுமதியோடு இலவசமாகத் தருகிறது, முதல் சோதனைக்கு அவை போதும்.

ஜே-பேக் அனுப்பும் எழுத்துகள் மேமின் இயல்பான அமைப்போடு பொருந்தியே வரும்: காசுக்கு 5, தொடங்க 1. வெளியேறுவது எஸ்கேப். முதல் ஆளின் ஸ்டார்ட்டை அழுத்திக்கொண்டு இரண்டாம் ஆளின் ஸ்டார்ட்டைத் தட்டினால் எஸ்கேப் போகும். இரண்டு பிள்ளைகள் சேர்ந்து ஆடும் இடத்தில் இது பெரிய தொல்லை. நான் அதை எடுத்துவிட்டு, காசுக் கதவுக்கு உள்ளே ஒரு பட்டன் வைத்திருக்கிறேன்.

கேபினட்டின் சுவிட்சைப் போட்டால் கம்ப்யூட்டர் தானாக எழ, கம்ப்யூட்டரின் பயோஸ் அமைப்பில் மின்சாரம் திரும்பியதும் இயங்கும்படி வையுங்கள். அணைக்கும்போது மட்டும் மெனு வழியாக அணைத்துவிட்டுச் சுவிட்சைத் தொடுங்கள், பையின் எஸ்டி கார்டு திடீர் நிறுத்தத்தை ரொம்ப நாள் தாங்காது. கார்டை வாசிக்க மட்டும் என்று பூட்டினால் அந்தக் கவலை இல்லை, ஆனால் அதிகபட்ச ஸ்கோரும் பதியாது. வீட்டில் போட்டி நடக்கிறது என்றால் பூட்டாதீர்கள்.

கழற்றிய பழைய போர்டை நிலைமின்னைத் தடுக்கும் உறையில் சுற்றி, கேபினட்டின் அடித்தட்டிலேயே வையுங்கள். கூடவே எந்த பின் எதற்கு என்ற வரைபடத்தை ஒரு தாளில் எழுதிப் பின்கதவின் உட்பக்கம் ஒட்டிவிடுங்கள், அடுத்த தடவை திறப்பது நீங்களாகவே இருந்தாலும் அதற்குள் எல்லாம் மறந்துபோயிருக்கும்.