வேலையை விட்டு உலகம் சுற்றக் கிளம்புகிறவர்கள் செய்யும் தவறுகள்

வேலையை விட்டுவிட்டு உலகம் சுற்றப் போகிறேன் என்று யாராவது சொன்னால், உடனே எல்லோரும் அவருடைய துணிச்சலைப் பற்றித்தான் பேசுவார்கள். ராஜினாமா மெயில் அனுப்ப ஒரு நிமிடம் போதும், அதில் பெரிய துணிச்சல் ஒன்றும் கிடையாது. மாட்டிக்கொள்வது வேறு இடத்தில். வேலை என்றால் மாதச் சம்பளம் என்று மட்டும் நினைத்துப் பணத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அந்த வேலை சத்தமில்லாமல் இன்னும் நாலைந்து காரியங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது என்பது, அதெல்லாம் நின்ற பிறகுதான் தெரிய வருகிறது.

இதில் பெரிய அடி விசாவில்தான் விழும். விசா கேட்கும் நாடுகளில், உங்கள் ஆவணங்களைப் புரட்டுகிற அதிகாரி முக்கியமாகத் தேடுவது ஒன்றைத்தான்: இந்த ஆள் திரும்பிப் போவாரா, மாட்டாரா? வேலைச் சான்று, விடுமுறை அனுமதிக் கடிதம், சம்பளச் சீட்டு மூன்றையும் நீட்டினால் பாதிக் கேள்வி அங்கேயே முடிந்துவிடும். வேலையை விட்டுவிட்டால் இந்த மூன்றும் கிடையாது. அப்போது அந்த இடத்தை வேறு எதைக் கொண்டு நிரப்புவது என்று யோசித்து வைத்திருக்க வேண்டும்: பல மாதமாகச் சேர்ந்து வந்த வங்கி இருப்பு (போன வாரம் மொத்தமாக வந்து விழுந்த தொகை சந்தேகத்தைத்தான் கிளப்பும்), சொத்து, குடும்பம், தேதியோடு கூடிய பயணத் திட்டம். விட்டுவிட்ட வேலையின் பழைய கடிதத்தை வைத்து விண்ணப்பிப்பது மட்டும் வேண்டாம். அலுவலகத்துக்கே போன் போட்டு விசாரிப்பவர்கள் உண்டு, பொய் என்று தெரிந்தால் அந்த நிராகரிப்பு அடுத்தடுத்த விண்ணப்பங்களிலும் பின்னாலேயே வரும்.

அப்புறம், போகிற வழியில் அடுத்த நாட்டு விசாவை வாங்கிக்கொள்ளலாம் என்கிற நம்பிக்கை. சில நாடுகளுக்கு நடக்கும், பலவற்றுக்கு நடக்காது. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் சேர்த்துத் தரும் ஷெங்கன் விசாவுக்குப் பொதுவாக நீங்கள் சட்டப்படி வசிக்கும் நாட்டிலிருந்துதான் விண்ணப்பிக்க முடியும், அதுவும் பயணத்துக்கு 6 மாதத்துக்கு முன்னால் முடியாது. அதனால் கஷ்டமான விசா எதுவோ அதை முதலில் எடுத்துவிட்டு, அதைச் சுற்றி மற்ற நாடுகளை அடுக்குவதுதான் புத்திசாலித்தனம். பெரும்பாலோர் தலைகீழாகச் செய்கிறார்கள்: ஆசைப்பட்ட வரிசையில் வரைபடத்தில் கோடு போட்டு, டிக்கெட்டும் எடுத்துவிட்டு, கடைசியில் விசா பக்கம் வருகிறார்கள்.

ஷெங்கன் பற்றி இன்னொன்று. எந்த 180 நாளிலும் 90 நாள்தான் தங்கலாம் என்கிற விதியை, 90 நாள் இருந்துவிட்டு எல்லை தாண்டி ஒரு வார இறுதியைக் கழித்து வந்தால் கணக்குப் புதிதாகத் தொடங்கும் என்று புரிந்துகொள்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அப்படி இல்லை. 29 நாடுகளுக்கும் சேர்த்து ஒரே கணக்கு, ஒவ்வொரு நாளும் அன்றிலிருந்து பின்னோக்கி 180 நாளை எண்ணிப் பார்ப்பார்கள். மார்ச் 1 அன்று நுழைந்து தொடர்ந்து தங்கினால் மே 29 அன்று 90 நாள் முடிந்துவிடும். மறுபடி நுழைய ஆகஸ்ட் 28 வரை காத்திருக்க வேண்டும், அதற்கும் விசாவில் நாளும் நுழைவும் மிச்சம் இருக்க வேண்டும். நடுவில் உள்ள மூன்று மாதத்தை ஷெங்கனுக்கு வெளியே எங்கே கழிப்பது என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

ஒரு வழி டிக்கெட்டோடு கிளம்புவது ஜாலியாகத்தான் இருக்கும், விமான நிலைய கவுண்டர் வரை. அங்கே இருப்பவர் பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு, அந்த நாட்டிலிருந்து வெளியேறும் டிக்கெட் எங்கே என்று கேட்பார். தகுந்த ஆவணம் இல்லாத பயணியை ஏற்றிக்கொண்டு போனால் அபராதமும் திருப்பி அழைத்து வரும் செலவும் விமான நிறுவனத்தின் தலையில் விழும், அதனால் அவர் இறங்கி வரமாட்டார். பின்னால் வரிசை முறைத்துக்கொண்டிருக்க, செல்போனில் அவசர அவசரமாகக் கிடைத்த விலைக்கு ஒரு டிக்கெட் எடுப்பீர்கள். பாஸ்போர்ட்டும் இதே கதைதான்: பல நாடுகள் 6 மாதச் செல்லுபடியைக் கேட்கும், காலிப் பக்கங்களையும் பார்ப்பார்கள். நீண்ட பயணம் என்றால் புதிதாக எடுத்துக்கொண்டு போவது நல்லது.

காப்பீடு. அலுவலகம் எடுத்துக்கொடுத்த மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் வேலையோடு போய்விடும். பயணக் காப்பீடு எடுப்பவர்களும் அதில் எதற்கெல்லாம் பணம் வராது என்கிற பகுதியைப் படிப்பதில்லை, உண்மையான பாலிசியே அந்தப் பகுதிதான். நீண்ட பயணிகள் பலர் அடிபடுவது வாடகை பைக்கில், செல்லத்தக்க உரிமம் இல்லாமல் ஓட்டியிருந்தால் பணம் கிடைக்காது. சர்வதேச ஓட்டுநர் அனுமதியிலும் 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி ஒன்று, 1968 வியன்னா ஒப்பந்தப்படி ஒன்று என்று இருக்கிறது. ஜப்பான் 1949 அனுமதியை மட்டும்தான் ஏற்கும், வியட்நாம் 1968 அனுமதியை மட்டும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கேட்கும் நாடுகள் உங்கள் பட்டியலில் இருந்தால், ஊசி போட்ட 10 நாள் கழித்துத்தான் அந்தச் சான்று செல்லும் என்பதையும் நினைவில் வையுங்கள். 2016 முதல் அது ஆயுள் முழுக்கச் செல்லும், ஒரு தடவை போட்டால் போதும்.

சின்னதாகத் தெரியும், ஆனால் ஆளைப் படுத்தும் விஷயம் செல்போன் எண். வங்கியின் ஓடிபி வருவது பழைய எண்ணுக்கு. அந்த சிம்மைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு உள்ளூர் சிம் போட்டவர், ரீசார்ஜ் செய்யாமல் எண்ணே போனவர், செல்போனையே தொலைத்தவர் என்று மூன்று பேருக்கும் நிலைமை ஒன்றுதான்: கணக்கில் பணம் இருக்கும், எடுக்க முடியாது. கிளம்பும் முன்பே எண்ணை உயிரோடு வைக்க வழி செய்யுங்கள், இரண்டு வேறு வங்கிகளின் அட்டைகளை இரண்டு வேறு பைகளில் வையுங்கள். ஏடிஎம் திரையில் உங்கள் நாட்டுப் பணத்திலேயே கழித்துக்கொள்ளட்டுமா என்று அக்கறையாகக் கேட்கும், வேண்டாம் என்று உள்ளூர் பணத்தையே தேர்ந்தெடுங்கள். அந்த அக்கறையின் பெயரில் மோசமான மாற்று விகிதம் ஒளிந்திருக்கும்.

பணம் எவ்வளவு சீக்கிரம் தீரும் என்பது எந்த நாடு என்பதைவிட, எவ்வளவு வேகமாக ஊர் மாறுகிறீர்கள் என்பதைத்தான் பொறுத்தது. இரண்டு வார விடுமுறையில் எட்டு ஊர் பார்த்துப் பழகிய உடம்பு, ஒரு வருடம் கையில் இருக்கும்போதும் மூன்று நாளைக்கு ஒரு ஊர் என்று ஓடும். ஒவ்வொரு ஊர் மாற்றமும் பேருந்து, விமானம், புது அறை, வழி தெரியாமல் கொடுக்கும் அதிகக் கட்டணம். ஒரே இடத்தில் ஒரு மாதம் இருந்தால் வாடகை குறையும், சமைத்துச் சாப்பிடலாம், துணி துவைக்கவும் நேரம் இருக்கும். எத்தனை நாடு பார்த்தேன் என்கிற எண்ணிக்கை போதை என் கண்ணுக்கு, விட்டுவிட்டு வந்த அலுவலக டார்கெட்டின் தம்பி மாதிரிதான் தெரிகிறது.

போகிற வழியில் லேப்டாப்பில் சம்பாதித்துக்கொள்கிறேன் என்பவர்களுக்கு: முதல் வருமானம் வேலையில் இருக்கும்போதே வந்திருக்க வேண்டும். வீடியோ போட்டுச் சம்பாதிக்கலாம் என்றால், அதையும் வார இறுதிகளில் முயன்று பாருங்கள், எவ்வளவு வருகிறது என்று தெரிந்துவிடும். சுற்றுலா விசாவில் வேலை செய்வதைப் பல நாடுகள் அனுமதிப்பதில்லை, இப்படி லேப்டாப்பில் வேலை செய்பவர்களுக்கென்று எஸ்டோனியா 2020ல் தொடங்கியது போன்ற தனி விசாக்களுக்குக் குறைந்தபட்ச மாத வருமானம் காட்ட வேண்டும். ஒரு நாட்டில் 183 நாளைத் தாண்டினால் அங்கே வரி கட்ட வேண்டி வரலாம், அந்த எண் பல நாட்டுச் சட்டங்களில் இருக்கிறது.

கடைசியாக, திரும்பி வருவதற்கு. ராஜினாமா கொடுக்கும் முன் சம்பளமில்லா நீண்ட விடுப்பு கிடைக்குமா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கிடைக்காது என்று தாங்களே முடிவு செய்துகொண்டு கேட்காமலேயே கிளம்பியவர்கள் ஏராளம். சரி, இல்லை என்றே சொன்னாலும் நோட்டீஸ் காலத்தை முழுசாக முடித்து, பொறுப்புகளை ஒழுங்காக ஒப்படைத்து, அனுபவச் சான்றிதழைக் கையில் வாங்கிக்கொண்டு வாருங்கள், பிறகு எங்கோ தூர நாட்டிலிருந்து மெயில் போட்டுக் கேட்டால் சீக்கிரம் வராது. ஊர் திரும்பி அடுத்த வேலை கிடைக்கும் வரை சாப்பிட, வாடகை கொடுக்க ஆறு மாதப் பணத்தைத் தனிக் கணக்கில் போட்டு, அந்தக் கணக்கின் அட்டையை வீட்டிலேயே விட்டுவிட்டுக் கிளம்புங்கள்.