காராமணி விதையை விண்ணுக்கு அனுப்பும் முன்: தரையில் ஒரு ஜோடிப் பெட்டி

2024 டிசம்பர் 30 அன்று ஏவப்பட்ட பிஎஸ்எல்வி-சி60 ராக்கெட்டின் நான்காம் கட்டம் போயம்-4 என்ற பெயரில் பூமியைச் சுற்றியது. அதிலிருந்த ‘கிராப்ஸ்’ பெட்டியில் எட்டு காராமணி விதைகள் நான்கே நாளில் முளைத்து, பிறகு இரண்டு இலையும் விட்டன. பெட்டியைச் செய்தது விக்ரம் சாராபாய் விண்வெளி மையம். இதே மாதிரிச் சோதனையைக் கல்லூரியில் திட்டமிடுபவர்கள் முதலில் தரைப் பெட்டியைச் செய்யுங்கள். அதே வெப்பம், அதே தண்ணீர், அதே நாட்களில் கீழே என்ன நடந்தது என்று தெரியாமல், மேலே முளைத்ததை வைத்து ஈர்ப்பைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

மண் வேண்டாம். சுட்ட களிமண்ணை உடைத்துச் சலித்து, 1 முதல் 2 மில்லிமீட்டர் குருணையை மட்டும் எடுங்கள். தூளை நன்றாகக் கழுவிவிடுங்கள். அது இடுக்குகளை அடைத்துவிடும். மெதுவாகக் கரையும் உரமணிகள் சிலவற்றைக் கலந்தால் போதும்.

தண்ணீர் அளவில்தான் பெரும்பாலான சோதனைகள் கெடுகின்றன. காய்ந்த குருணையை எடை போடுங்கள். நனைத்து, வடியவிட்டு மறுபடி எடை போடுங்கள். வித்தியாசம்தான் அது பிடித்துவைக்கும் நீர். முதல் சோதனையில் அதில் பாதியைக் கொடுத்து, பிறகு கூட்டிக் குறைத்துப் பாருங்கள். சுற்றுப்பாதையில் நீர் கீழே வடியாது. குருணையைச் சுற்றிப் படலமாக ஒட்டிக்கொண்டு காற்று போகும் வழியை மூடும். சூடான காற்று மேலே எழும் ஓட்டமும் அங்கே இல்லை என்பதால், சிறிய விசிறி இல்லாவிட்டால் வேர் மூச்சுமுட்டி அழுகும். கொதிக்கவைத்து ஆறிய நீரையே குழாயில் நிரப்புங்கள். குமிழி இருந்தால் அது மேலே போய் ஒதுங்காது, வால்வு வாயிலேயே நின்று அடைத்துக்கொள்ளும்.

கிருமி நீங்க, விதைகளை 1 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் (ப்ளீச்) கரைசலில் 5 நிமிடம் வைத்து, காய்ச்சி வடித்த நீரில் நான்கைந்து முறை அலசி, உடனே முழுக்கக் காயவிடுங்கள். ஏவும் வரை ஈரம் படவே கூடாது: பட்டால் தரையிலேயே முளைவிட்டு, வேர் ஈர்ப்பின் திசையை எடுத்துவிடும். விதையின் கருப்புக் கண் குருணையைப் பார்த்திருக்கும்படி ஒட்டுங்கள். முளைவேர் அதன் ஓரத்தில்தான் வெளிவரும். கீழ் எது என்று சொல்ல ஈர்ப்பு இல்லாத இடத்தில், வேர் பெரும்பாலும் வெளிவந்த திசையிலேயே போகும். தண்டுக்கு வழிகாட்டுவது விளக்கு. அதிலும் நீல ஒளி. ஆகவே எல்.ஈ.டி.களை எதிர்ப்பக்கத்தில் மட்டும் வையுங்கள்.

மூன்றாவதாக ஒரு பெட்டியைக் கிளினோஸ்டாட்டில், அதாவது செடியை மெதுவாகச் சுழற்றிக்கொண்டே இருக்கும் கருவியில், ஏற்றலாம். அச்சு கிடைமட்டமாக இருக்கட்டும், வேகம் நிமிடத்துக்கு 2 சுற்று. அச்சிலிருந்து 5 சென்டிமீட்டரில் இருக்கும் விதைக்கு அப்போது மையவிலக்கு விசை ஈர்ப்பில் சுமார் 0.0002 பங்குதான். 60 சுற்று வைத்தால் அதுவே 0.2 பங்காகிவிடும், வேர்கள் எல்லாம் வெளிப்பக்கம் திரும்பும். அதை விண்வெளி விளைவு என்று எழுதிவிடாதீர்கள். மெதுவாகச் சுழற்றினாலும் இது எடையின்மை ஆகாது, திசை மாறிக்கொண்டே இருப்பதால் விதை குழம்புகிறது, அவ்வளவுதான்.

அரைமணிக்கு ஒரு படம், கூடவே வெப்பநிலை, ஈரப்பதம், ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு அளவுகள். இருட்டு நேரத்தில் அகச்சிவப்பு விளக்கில் படமெடுங்கள். வெள்ளை ஃபிளாஷ் அடித்தால் தண்டு அதன் பக்கம் வளையும். தரைப் பெட்டியை இரண்டு நாள் தாமதமாகத் தொடங்குங்கள். மேலே உண்மையில் பதிவான வெப்பநிலையைக் கீழே அப்படியே ஓட்டிக்காட்ட அந்த இடைவெளி வேண்டும்.