இணைய வானொலி: ராயல்டியில் சறுக்கும் இடங்கள்

நியூஜெர்சியில் இருக்கும் நண்பர் ஒருவர் வீட்டு பேஸ்மென்டில் ஒரு தமிழ் இணைய வானொலி நடத்திவந்தார். ஒரு மைக், பழைய மிக்ஸர், பாட்டு நிரம்பிய கணினி, அவ்வளவுதான். விளம்பரம் கிடையாது, சந்தா கிடையாது. "காசே வாங்காத எனக்கு எதுக்குய்யா ராயல்டி?" என்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கணக்குப் போட்டோம். முடித்தபோது அவர் முகம் சுருங்கிவிட்டது.

சின்ன நிலையங்கள் செய்யும் முதல் தவறே இதுதான். அமெரிக்காவில் இணைய வானொலியின் ஒலிப்பதிவுக் கட்டணம், அதாவது பதிவான பாட்டைப் போடுவதற்கான ராயல்டி, வருமானத்தைப் பார்த்து வருவதில்லை, காதுகளை எண்ணி வருகிறது. ஒரு பாட்டு ஒருவர் காதில் விழுந்தால் ஒரு கணக்கு. பதிப்புரிமை ராயல்டி வாரியம் 2021ஆம் ஆண்டுக்கு வைத்த விலை, சந்தா இல்லாத வணிக நிலையங்களுக்கு, கணக்கு ஒன்றுக்கு 0.21 சென்ட். கேட்க அற்பமாகத்தான் இருக்கும். மணிக்கு 15 பாட்டு, எந்நேரமும் சராசரியாக 100 பேர் என்று வையுங்கள். 30 நாளில் 10,80,000 கணக்கு, அதாவது மாதம் 2,268 டாலர். அந்த ஆண்டு ஒவ்வொரு சேனலுக்கும் தொடக்கத்திலேயே குறைந்தபட்சக் கட்டணமாக 1,000 டாலர் கட்ட வேண்டியிருந்ததே, அது எத்தனை பேருக்குத் தாங்கும்? ஆண்டு முழுக்க இரவும் பகலும் சராசரியாக நாலு பேர்கூட இல்லை.

பண்பலை நிலையத்துக்கு இன்னும் ஆயிரம் பேர் சேர்ந்தால் கொண்டாட்டம். இணைய வானொலிக்கு அதுவே செலவு. நிலையம் வளர வளர நடத்துபவர் திணறுவது இதனால்தான்.

"நான் லாபத்துக்கு நடத்தவில்லையே" என்று சொல்லிக்கொண்டு வணிகமற்ற நிலையங்களுக்கான விலையைக் கட்டுவது அடுத்த தவறு. சட்டம் அந்தப் பெயரை மனசைப் பார்த்துக் கொடுப்பதில்லை. வரிவிலக்கு பெற்ற அமைப்பாகவோ, அதற்கு முறையாக விண்ணப்பித்த அமைப்பாகவோ இருக்க வேண்டும். அப்படிப் பதிந்துகொண்டால் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும். 2021இல் அதே 1,000 டாலரில் சேனலுக்கு மாதம் 1,59,140 கேட்பு மணி வரை ஓட்ட முடிந்தது (ஒருவர் ஒரு மணி நேரம் கேட்டால் ஒரு கேட்பு மணி). சராசரியாக 220 பேர். தமிழ்ச் சங்கம் போன்ற பதிவு பெற்ற அமைப்பு ஒன்றின் கீழ் நிலையத்தைக் கொண்டுவர வழி இருந்தால், முதலில் அதைத்தான் பார்ப்பேன்.

அப்புறம், ஒரு உரிமம் வாங்கினால் போதும் என்ற நினைப்பு. ஒரு பாட்டுக்குள் இரண்டு சொத்து இருக்கிறது. வரியும் மெட்டும் ஒன்று, அதைப் பாடிப் பதிவுசெய்த ஒலி இன்னொன்று. முதலாவதற்கு ராயல்டி வசூலிப்பவை ஆஸ்காப், பி.எம்.ஐ., சீசாக், ஜி.எம்.ஆர். ஆகிய அமைப்புகள், இரண்டாவதற்கு வசூலிப்பது சவுண்ட் எக்ஸ்சேஞ்ச். அமெரிக்கப் பண்பலை நிலையங்கள் காற்றில் ஒலிபரப்பும்போது இரண்டாவதைக் கட்டுவதில்லை. அவர்களைப் பார்த்து நாமும் அப்படியே இருக்கலாம் என்று நினைத்தவர்கள் பலர். இணையத்துக்கு அந்தச் சலுகை கிடையாது.

சர்வர் வாடகை கட்டுகிறோம், உரிமமும் அதில் சேர்த்தி என்று நம்புவதும் ஆபத்து. சில சேவைகள் உண்மையிலேயே சேர்த்துத் தருகின்றன, பல தருவதில்லை. ஒப்பந்தத்தில் எந்தெந்த நாட்டு நேயர்களுக்கு உரிமம் என்று எழுதியிருக்கிறதா, பாருங்கள். அமெரிக்க உரிமம் லண்டன் நேயருக்குச் செல்லாது. குடையாக இருக்கும் சேவையே சாய்ந்துவிடுவதும் உண்டு. சின்ன நிலையங்கள் வருமானத்தில் ஒரு பங்கு கட்டினால் போதும் என்றிருந்த ஏற்பாடு 2015 முடிவில் காலாவதியானது. 2016 ஜனவரி 31 அன்று அப்படிக் குடையாக இருந்த லைவ்365 என்ற சேவை மூடப்பட்டது, அதை நம்பியிருந்த ஆயிரக்கணக்கான நிலையங்கள் ஊமையாயின. 2017இல் அது புதிய கைகளில் மீண்டும் வந்தது, ஆனால் பழைய நிலையங்களில் பல வரவில்லை.

நம் ஆட்கள் தெரியாமலே மாட்டிக்கொள்வது நிகழ்ச்சி விதிகளில். அரசு வைத்த விலையில் பாட்டுப் போட வேண்டுமானால் சில கட்டுப்பாடுகளுக்கு உட்பட வேண்டும். எந்த மூன்று மணி நேரத்திலும் ஒரே கலைஞரின் பாட்டு நான்குக்கு மேல் கூடாது, அதிலும் தொடர்ந்து மூன்றுக்கு மேல் கூடாது. ஒரே ஆல்பத்திலிருந்து மூன்றுதான், தொடர்ந்து இரண்டுதான்.

செப்டம்பர் 25, எஸ்.பி.பி. நினைவு நாள். நாம் என்ன செய்வோம்? மூன்று மணி நேரம் அவர் குரல் மட்டும். அங்கேயே விதி உடைந்துவிடுகிறது. முக்கால் மணி நேரத்துக்கு ஒரு பாட்டு என்று பரப்பினால் ஒரு நாளில் அவருடைய 32 பாட்டுகள் போடலாம். இடையில் மற்ற பாட்டுகள் வரட்டும், அவரைப் பற்றிப் பேசுங்கள், நேயர்களைப் பேச விடுங்கள். இசை நிறுவனம் எழுத்தில் அனுமதி தந்திருந்தால் கதை வேறு.

நேயர் விருப்பமும் அப்படித்தான். கேட்ட ஒரு மணி நேரத்துக்குள்ளோ, "சரியாக ஏழு மணிக்கு உங்கள் பாட்டு" என்று நேரம் குறித்தோ போடும் பாட்டுகளே சேனலை நிறைத்தால், அதை வானொலியாகவே சட்டம் பார்க்காது. அப்போது ஒவ்வொரு இசை நிறுவனத்திடமும் நேரில் பேசி உரிமம் வாங்க வேண்டும், சின்ன நிலையத்தால் நடக்கிற காரியமா அது? விருப்பத்தை இன்று வாங்கி, நேரம் சொல்லாமல் நாளை போடுங்கள்.

நிகழ்ச்சியை வெட்டி பாட்காஸ்ட்டாக ஏற்றுவதற்கும் இந்த உரிமம் பொருந்தாது. பழைய பாட்டு இலவசம் என்பதும் தவறு, 1972க்கு முந்தைய பதிவுகளையும் 2018இல் வந்த இசைச் சட்டம் உள்ளே கொண்டுவந்துவிட்டது. திருட்டுத் தளத்தில் இறக்கிய பாட்டுக்கு ராயல்டி கட்டினாலும் அது சட்டப்படியான ஒலிபரப்பு ஆகாது. சென்னையிலிருந்து நடத்தினால் இந்திய வானொலிச் சலுகை கிடைக்கும் என்று நினைப்பவர்களுக்கு: அந்தச் சலுகையைத் தரும் பதிப்புரிமைச் சட்டத்தின் 31டி பிரிவு இணைய ஒலிபரப்புக்குப் பொருந்தாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2019இல் சொல்லிவிட்டது.

கடைசியாக, பணத்தைக் கட்டிவிட்டுப் பட்டியலை அலட்சியம் செய்வது. எனக்கு மிகவும் வலிப்பது இதுதான். மாதம் முடிந்ததும் குறித்த கெடுவுக்குள் என்னென்ன பாட்டு ஓடியது என்ற அறிக்கை போக வேண்டும்: கலைஞர், பாட்டு, ஆல்பம், நிறுவனம், எத்தனை கணக்கு. சவுண்ட் எக்ஸ்சேஞ்ச் இதை வைத்துத்தான் பிரிக்கிறது. பதிவின் உரிமையாளருக்கு 50 சதவீதம், முதன்மைக் கலைஞருக்கு 45, பின்னணிக் கலைஞர்களுக்கு 5. நண்பரின் கணினியைத் திறந்து பார்த்தேன். "ட்ராக் 07", "அம்மா ஃபேவரிட்", "புதுசு 2" என்று நூற்றுக்கணக்கான கோப்புகள். பாடியவர் பெயர் ஒன்றில்கூட இல்லை. அன்று மாலை டீயோடு உட்கார்ந்து "ட்ராக் 07"இலிருந்து ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுப் பெயர் எழுத ஆரம்பித்தோம்.